கொழும்பு அனுப்பிய பெயரும் ஒட்டாவாவின் மௌனமும்

இலங்கை விமானப்படையின் முன்னாள் தளபதி எயார் சீஃப் மார்ஷல் சுமங்கல டயஸ் கனடாவுக்கான இலங்கையின் உயர்ஸ்தானிகராகப் பதவியேற்கவில்லை. 2019 மே மாதம் முதல் 2020 நவம்பர் வரை விமானப்படைக்குத் தலைமை தாங்கி ஓய்வுபெற்ற அவருடைய பெயரை, அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவின் அரசு ஒட்டாவாவுக்கு முன்மொழிந்திருந்தது. ரொறன்ரோவை மையமாகக் கொண்ட தமிழ் அமைப்புகள் இதனைக் கடுமையாக எதிர்த்தன. கனடா அவரை ஏற்கவில்லை என்று 2021-ஆம் ஆண்டில் ஊடகங்கள் செய்தி வெளியிட்டன. கனடா அரசு இதற்கான காரணத்தைப் பகிரங்கமாக விளக்கவில்லை. பின்னர் அவர் கோலாலம்பூரில் உயர்ஸ்தானிகராகப் பணியாற்றினார். ஒட்டாவாவுக்கு, சேவாலங்கா என்னும் தொண்டு நிறுவனத்தின் நிறுவனரான ஹர்ஷ குமார நவரத்ன வந்து சேர்ந்தார்.

பொதுநலவாய நாடுகளுக்கிடையே உயர்ஸ்தானிகர் என்பவரே ஒரு நாட்டின் முதன்மை ராஜதந்திரி. அந்தப் பதவிக்கு ஒருவர் வராமற்போனது, ரொறன்ரோவில் தமிழரின் குரலுக்குக் கிடைத்த வெற்றியாகப் பேசப்பட்டது. கனடாவின் உள்நாட்டு அரசியல், குறிப்பாகத் தமிழர் வாக்குகள், கனடாவின் இலங்கைக் கொள்கையைத் தீர்மானிக்கின்றன என்பது கொழும்பில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் விளக்கம். இரண்டு விளக்கங்களும் ஓர் அடிப்படையான உண்மையைத் தாண்டிச் செல்கின்றன. இந்த நியமனம் பற்றிப் பொதுமக்களின் கருத்தை எவரும் முறைப்படி கேட்கவில்லை. கேட்பதற்கான ஏற்பாடும் கனடாவில் இல்லை.

மூடிய கதவு

ஒரு நாடு தன் தூதரை இன்னொரு நாட்டுக்கு அனுப்புமுன் அந்நாட்டின் இசைவைப் பெறவேண்டும். ராஜதந்திர வழக்கில் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த "அக்ரேமோன்" என்ற சொல்லால் இது குறிப்பிடப்படுகிறது. ராஜதந்திர உறவுகள் பற்றிய 1961-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின் நான்காவது பிரிவு இதனை விதியாக்குகிறது. ஏற்க மறுக்கும் நாடு அதற்குக் காரணம் கூறக் கடமைப்பட்டதல்ல என்றும் அதே பிரிவு சொல்கிறது. நடைமுறையில் மறுப்பு என்ற சொல்கூடப் பெரும்பாலும் பயன்படுத்தப்படுவதில்லை. பதில் வராது. மாதங்கள் கடக்கும். அனுப்பிய நாடு குறிப்பறிந்து வேறொரு பெயரைத் தேடும்.

இதற்கு உலகில் உதாரணங்கள் பல உண்டு. மேற்குக் கரைக் குடியேற்றங்களின் தலைவராக இருந்த டானி டயானை 2015-ஆம் ஆண்டில் இஸ்ரேல் பிரேசிலுக்கான தூதராக நியமித்தது. பிரேசில் பதிலளிக்கவில்லை. 2016-இல் அவர் நியூயோர்க்கில் துணைத் தூதரகத்தின் தலைவராக அனுப்பப்பட்டார். அதே 2015-இல் பிரான்ஸ் வத்திக்கானுக்கு முன்மொழிந்த லோரன் ஸ்டெஃபானினியின் பெயருக்கும் இதே கதி நேர்ந்தது. அவர் ஒருபாலுறவாளர் என்பதே காரணம் என்று பரவலாக எழுதப்பட்டது. வத்திக்கான் எதையும் சொல்லவில்லை. முதலாவது மௌனத்தைப் பாராட்டியவர்களில் பலர் இரண்டாவது மௌனத்தைக் கண்டித்தனர். காரணம் கூறாத அதிகாரம் நல்ல நோக்கத்துக்கும் பயன்படும், தப்பெண்ணத்துக்கும் பயன்படும். வெளியில் நிற்பவருக்கு இரண்டையும் பிரித்தறிய வழியில்லை.

அமெரிக்காவில் தன் தூதர்களை அனுப்பும் முறை இதற்கு நேரெதிரானது. 2005-இல் ஜோன் போல்ட்டனை ஐக்கிய நாடுகள் சபைக்கான தூதராக அதிபர் ஜோர்ஜ் புஷ் நியமித்தபோது, செனட் சபையின் வெளியுறவுக் குழு பகிரங்கமாக விசாரித்தது. தனக்குக் கீழிருந்த அதிகாரிகளை அவர் எவ்வாறு நடத்தினார் என்பது குறித்து, வெளியுறவுத் துறையில் புலனாய்வுப் பிரிவுக்குத் தலைமை வகித்த கார்ல் ஃபோர்ட் தொலைக்காட்சிக் கமராக்களின் முன் சாட்சியமளித்தார். விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குச் செல்லத் தேவையான 60 வாக்குகள் இருமுறை முயன்றும் கிடைக்கவில்லை. சபை கூடாத ஆகஸ்ட் மாதத்தில் தன் தனியதிகாரத்தைப் பயன்படுத்தி புஷ் அவரை அனுப்பினார். 2006 டிசம்பரில் போல்ட்டன் பதவி விலகினார். அங்கும் அதிபர் நினைத்ததே நடந்தது என்று கூறலாம். ஆனாலும் எதிர்ப்புக்கான காரணங்கள் பதிவாயின; குற்றம் சாட்டப்பட்டவர் தன் பக்கத்தையும் சொன்னார்.

கனடாவின் வழக்கம் இதைவிட அடக்கமானது. கனடா தான் அனுப்பும் தூதர்களைக்கூட நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்கு உட்படுத்துவதில்லை. நியமனத்தை நாடாளுமன்றக் குழு ஆராயலாம், தடுக்க முடியாது. பிற நாட்டிலிருந்து வருபவரைப் பற்றிய இசைவோ முற்றிலும் அமைச்சகத்தின் கோப்புகளுக்குள் முடிந்துவிடுகிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒட்டாவாவுக்கு வந்த தளபதி

சுமங்கல டயஸின் பெயர் வந்தபோது பலர் மறந்திருந்த ஒரு முன்னுதாரணம் உண்டு. இலங்கையின் படைத்தளபதி ஒருவர் ஏற்கெனவே ஒட்டாவாவில் உயர்ஸ்தானிகராக இருந்திருக்கிறார். அவர் ஜெனரல் திஸ்ஸ வீரதுங்க. 1979 ஜூலையில் பயங்கரவாதத் தடைச் சட்டம் கொண்டுவரப்பட்ட அதே மாதத்தில், அவ்வாண்டு டிசம்பர் 31-ஆம் தேதிக்குள் பயங்கரவாதத்தை ஒழிக்கும்படி கட்டளையிட்டு ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தன யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிய அதிகாரி அவர்தான். கைதுகள், சித்திரவதை, வீதியோரத்தில் கிடத்தப்பட்ட இளைஞர்களின் உடல்கள் என்று அந்த மாதங்களை யாழ்ப்பாணத்தின் மூத்த தலைமுறை இன்றும் நினைவுகூர்கிறது. 1983 ஜூலைப் படுகொலைகளின்போது இராணுவத் தளபதியாக இருந்தவரும் அவரே. 1980-களின் பிற்பகுதியில் அவர் கனடாவுக்கு வந்தார்.

அவருடைய நியமனம் கனடாவில் ஒரு பிரச்சினையாகவே எழவில்லை. எழுப்புவதற்கு யார் இருந்தார்கள்? 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரையோரத்தில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 150-க்கும் மேற்பட்ட தமிழர்களை மீனவர்கள் மீட்டார்கள் என்பதே அக்காலக் கனடாவில் பெரும்பாலோர் தமிழர்களைப் பற்றி அறிந்த முதற்செய்தி. வந்தவர்களுக்கு வாக்குரிமை இல்லை, ஆங்கிலம் குறைவு, அகதி விண்ணப்பத்தின் முடிவு தெரியாத நிலையில் வாய் திறக்கும் துணிவும் குறைவு.

அந்த நிலைக்கும் 2021-க்கும் இடையே ஒரு தலைமுறை வளர்ந்திருந்தது. இன்று கனடாவில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் ரொறன்ரோவிலும் அதனைச் சூழ்ந்த நகரங்களிலும் வாழ்கிறார்கள். 2009 மே 10-ஆம் தேதி கார்டினர் விரைவுச்சாலையை மறித்து அமர்ந்தபோது இந்தச் சமூகம் பெரும்பான்மைக் கனடியரின் எரிச்சலையே சம்பாதித்தது. 2011-இல் ராதிகா சிற்சபைஈசன் நாடாளுமன்றம் சென்றார். 2015-இல் ஸ்காபரோவிலிருந்து தெரிவான ஹரி ஆனந்தசங்கரி, 2021-இல் ஆளுங்கட்சி உறுப்பினராக இருந்தார். சாலையில் நின்ற குரல், பத்து ஆண்டுகளில் அமைச்சர்களின் தொலைபேசி எண்ணை அறிந்த குரலாயிற்று. கொழும்பு இதனைக் குறையாகச் சொல்கிறது. ஜனநாயகத்தில் வாக்காளர் தன் உறுப்பினரிடம் பேசுவது குறையாகுமா என்பது வேறு கேள்வி.

தன் வாசலில் யாரை அனுமதிப்பது என்பதைத் தீர்மானிக்கும் உரிமையை இலங்கையும் தயங்காமல் பயன்படுத்தியிருக்கிறது. 2009 ஜூன் மாதத்தில், அப்போது கனடிய எதிர்க்கட்சியின் வெளியுறவு விவகாரப் பேச்சாளராக இருந்த பொப் ரே கொழும்பு விமான நிலையத்தில் வைத்தே திருப்பி அனுப்பப்பட்டார்.

கௌரவம் மட்டுமல்ல, கவசமும்

படையதிகாரிகளைத் தூதர்களாக அனுப்புவது இலங்கைக்கு மட்டும் உரிய வழக்கமல்ல. ஆயினும் 2009-க்குப் பின்னர் அது இலங்கையில் வேறொரு பொருளைப் பெற்றது. வன்னிப் போரில் 57-ஆவது டிவிஷனை வழிநடத்திய மேஜர் ஜெனரல் ஜகத் டயஸ் பேர்லினில் துணைத் தூதரானார். சுவிட்சர்லாந்தும் அவருடைய பொறுப்பில் இருந்தது. மனித உரிமை அமைப்புகள் ஆவணங்களைத் திரட்டி வழங்கியதைத் தொடர்ந்து 2011-இல் அவர் திருப்பி அழைக்கப்பட்டார். 58-ஆவது டிவிஷனின் தளபதி சவேந்திர சில்வா 2010-இல் நியூயோர்க்கில் ஐ.நா.வுக்கான துணை நிரந்தரப் பிரதிநிதியானார். அவருக்கு எதிராக அங்கு தொடுக்கப்பட்ட சிவில் வழக்கை, ராஜதந்திர விலக்குரிமையைக் காரணம் காட்டி நீதிமன்றம் 2012 பெப்ரவரியில் தள்ளுபடி செய்தது. சாட்சியம் ஆராயப்படவில்லை, பதவியே போதுமானதாக இருந்தது. அதே மாதத்தில், ஐ.நா. அமைதிப்படை தொடர்பான ஆலோசனைக் குழுவின் தலைவரும் கனடியருமான லூயிஸ் ஃபிரெஷெத், சில்வா அக்குழுவில் பங்கேற்க முடியாது என்று அறிவித்தார்.

போரின்போது வன்னிப் படைத் தலைமையகத்தின் தளபதியாக இருந்த ஜகத் ஜயசூரிய பிரேசிலில் தூதராக இருந்தார். 2017 ஆகஸ்ட் மாத இறுதியில் தென்னமெரிக்காவில் அவருக்கு எதிராக முறைப்பாடுகள் பதிவாகிய தருணத்தில் அவர் பிரேசிலைவிட்டு வெளியேறியிருந்தார். கடற்படைத் தளபதியாக இருந்த வசந்த கரன்னாகொட ஜப்பானில் தூதராக இருந்தார். 2025 மார்ச் 24-ஆம் தேதி பிரித்தானியா, போர்க்கால மனித உரிமை மீறல்களுக்காக நான்கு பேர் மீது தடை விதித்தது. ஒருவர் கருணா எனப்படும் விநாயகமூர்த்தி முரளிதரன். மற்ற மூவர் சில்வா, ஜயசூரிய, கரன்னாகொட. அந்த மூவருமே ஒரு காலத்தில் இலங்கையின் ராஜதந்திரிகளாக வெளிநாடுகளில் ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள்.

இந்த வரலாற்றை அறிந்தவர்களுக்கு 2021-ஆம் ஆண்டின் எதிர்ப்பு புரியாத புதிரல்ல. ஐ.நா. மனித உரிமைகள் ஆணையாளராக இருந்த மிச்சல் பச்சலே 2021 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையும், இலங்கையின் முக்கிய நிர்வாகப் பதவிகளில் குறைந்தது 28 படை மற்றும் புலனாய்வு அதிகாரிகள் நியமிக்கப்பட்டதாகச் சுட்டிக்காட்டியிருந்தது. அதே மாதத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இரவோடிரவாக இடிக்கப்பட்டது. ரொறன்ரோவின் சினத்துக்கு அது எண்ணெய் ஊற்றியது.

குண்டு விழுந்த இடங்களின் நினைவு

விமானப்படை என்ற சொல்லை ஒரு கனடிய அதிகாரி கேட்பதும் ஸ்காபரோவில் வாழும் ஒரு யாழ்ப்பாணத்தவர் கேட்பதும் ஒன்றல்ல. 1995 ஜூலை 9-ஆம் தேதி நவாலி புனித பேதுரு தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள் மீது குண்டு வீசப்பட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 2006 ஆகஸ்ட் 14-ஆம் தேதி செஞ்சோலை வளாகத்தில் மாணவிகள் பலியாயினர். அது புலிகளின் பயிற்சி முகாம் என்றது அரசு. ஒலியைக் கேட்டே விமானத்தின் வகையைச் சொல்லக் கற்றுக்கொண்டு பதுங்குகுழிக்குள் வளர்ந்த பிள்ளைகள் இன்று இங்கு வரி செலுத்தும் குடிமக்கள். அவர்களுடைய அரசு அந்தப் படையின் தளபதியை வரவேற்கும் என்றால் அது அவர்களுக்கு ஒரு செய்தி சொல்வதாகும்.

எனினும் சமூகம் ஒரே குரலில் பேசியது என்று சொல்வது உண்மையாகாது. ரொறன்ரோவிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், ஊரிலுள்ள காணிக்கான அற்றோணித் தத்துவம் என்று ஏதேனும் ஒரு தேவையோடு வரிசையில் நிற்பவர்களும் தமிழர்களே. யார் உயர்ஸ்தானிகராக வந்தாலென்ன, அலுவல் நடந்தால் போதும் என்பது அவர்களில் பலருடைய நிலை. அதனை இனத்துரோகம் என்று ஒதுக்குவது எளிது, நியாயமல்ல. போரில் புலிகளின் குண்டுகளுக்கு உறவினரைப் பறிகொடுத்த சிங்களக் கனடியர்களும் இங்கு உள்ளனர். தங்கள் நாட்டின் படையில் கடமையாற்றிய எவருமே குற்றவாளியா என்று அவர்கள் கேட்கிறார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேவை. சுமங்கல டயஸை எந்த நீதிமன்றமும் குற்றவாளி என்று அறிவித்ததில்லை. அவருக்கு எதிராக எழுந்த வாதத்தின் மையம், அவர் உயர்ந்து வந்த படையின் செயல்கள். அவருடைய தனிப்பட்ட பங்கு எதுவென்பது பகிரங்கமாக எங்கும் பரிசீலிக்கப்படவில்லை. படைக்கு எதிரான குற்றச்சாட்டு தளபதியின் மீது எவ்வளவு தூரம் படியும் என்பதில் கனடாவின் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியிருக்கிறது. அந்த வழக்கும் ஒரு ராஜதந்திரியைப் பற்றியதே. ஐ.நா.வில் கொங்கோ ஜனநாயகக் குடியரசைப் பிரதிநிதித்துவம் செய்து, பின்னர் பதவியைத் துறந்து கனடாவில் அகதி அந்தஸ்துக் கோரிய எஸோக்கோலா என்பவரின் வழக்கு அது. குற்றமிழைத்த அரசில் பதவி வகித்தார் என்பது மட்டும் ஒருவரை உடந்தையாளர் ஆக்காது. குற்றத்துக்கோ குற்ற நோக்கத்துக்கோ அவர் தன்விருப்போடும் அறிந்தும் கணிசமாகப் பங்களித்திருக்க வேண்டும் என்றது நீதிமன்றம்.

இந்தத் தீர்ப்பைத் தமிழர் மறக்கலாகாது. 2010 ஆகஸ்டில் எம்.வி. சன் சீ கப்பலில் 492 பேர் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்கு வந்தபோது, அவர்களில் பலர் மாதக்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டனர். கப்பலில் சமைத்தவர், இயந்திர அறையில் வேலை செய்தவர், புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் கடை நடத்தியவர் எனத் தொடர்பை வைத்தே மனிதரை அளக்கும் முறையின் வலியை இந்தச் சமூகம் அனுபவித்திருக்கிறது. அகதிக்கும் தளபதிக்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்று நான் வாதிடவில்லை. வெளிநாட்டில் தூதராக வரவேற்கப்படுவது எவருடைய உரிமையும் அல்ல. உயிர் தப்பி வந்தவரைத் திருப்பி அனுப்பாதிருப்பது கடமை. படையின் உச்சிக்குச் சென்றவரிடம் கூடுதலான விளக்கத்தைக் கேட்பதும் முறையே. ஆனால் விளக்கம் கேட்கப்பட வேண்டுமே! கேட்காமலே வாசல் மூடப்பட்டதில் அவருக்கும் பதிலளிக்க வாய்ப்பில்லை, நவாலியில் பிள்ளையை இழந்த தாய்க்கும் பதில் இல்லை.

கோலாலம்பூர் வழியாகத் திரும்பிப் பார்த்தால்

கனடா ஏற்காத பெயரை மலேசியா ஏற்றது. மலேசியாவிலும் தமிழர்கள் பெருந்தொகையினர். சுமார் இருபது லட்சம் இந்திய வம்சாவளியினரில் பெரும்பான்மையோர் அவர்களே. ஈழப்போர் குறித்த கொந்தளிப்பு அங்கும் இருந்தது. 2016 செப்டம்பரில் மகிந்த ராஜபக்ஷவின் வருகையை எதிர்த்தவர்கள் கோலாலம்பூர் விமான நிலையத்தில் அப்போதைய இலங்கை உயர்ஸ்தானிகர் இப்ராஹிம் சாஹிப் அன்சாரைத் தாக்கிய வெட்கக்கேடான சம்பவமும் நடந்தது. எண்ணிக்கை மட்டும் போதுமானதல்ல என்பதற்கு மலேசியாவே சான்று. ஆளுங்கட்சி வெல்லவேண்டிய தொகுதிகளில் ஒரு சமூகம் செறிந்து வாழ்வதும், அரசு ஏற்கெனவே அந்தத் திசையில் சாய்ந்திருப்பதும் சேர்ந்தால்தான் மூடிய கதவுக்குள் வெளிக்குரல் கேட்கிறது. 2021 மார்ச்சில் ஜெனீவாவில் 22-க்கு 11 என்ற வாக்குகளில் நிறைவேறிய இலங்கை பற்றிய தீர்மானத்தை முன்னின்று கொண்டுவந்த நாடுகளில் கனடாவும் ஒன்று. அதே வேளையில் போர்க்காலக் குற்றச்சாட்டுகள் சூழ்ந்த ஒரு படையின் முன்னாள் தளபதியை ஒட்டாவாவில் வரவேற்பது அந்த அரசுக்கே இடைஞ்சலாக இருந்திருக்கும்.

அதன் பின்னர் கனடா இன்னொரு வழியைக் கையாண்டது. 2023 ஜனவரியில் கோட்டாபய ராஜபக்ஷ, மகிந்த ராஜபக்ஷ ஆகியோருடன் இரண்டு படையினர் மீதும் பொருளாதாரத் தடை விதித்தது. அந்தப் பெயர்கள் அரச இதழில் உள்ளன. எந்தச் சட்டத்தின் கீழ், எதற்காக என்பதும் எழுதப்பட்டுள்ளது. பெயரை நீக்கும்படி அவர்கள் விண்ணப்பிக்கவும் இடமுண்டு. எதிர்ப்பவர் வாதிடலாம், ஆதரிப்பவர் மேற்கோள் காட்டலாம். 2021-ஆம் ஆண்டின் மறுப்பை எவரும் எங்கும் மேற்கோள் காட்ட முடியாது. அடுத்த முறை ஆட்சி மாறி, வர்த்தகமோ இந்து சமுத்திரப் பாதுகாப்போ முன்னுரிமை பெற்றால், அது ஒரு முன்னுதாரணமாகவும் நிற்காது. ரொறன்ரோவில் இதனை நிரந்தர வெற்றி என்று எண்ணுவோர் திஸ்ஸ வீரதுங்கவின் பெயரை நினைவில் வைத்திருப்பது நல்லது.

இவ்விவகாரத்தில் பொதுமக்களின் கருத்துக்கு முறையான இடமளிக்கும் ஒரே நிறுவனம் கொழும்பில் இருப்பது விந்தை. இலங்கை நாடாளுமன்றத்தில் சபாநாயகர் தலைமையில் உயர் பதவிகள் பற்றிய குழு இயங்குகிறது. தூதர்களாகவும் உயர்ஸ்தானிகர்களாகவும் நியமிக்கப்படுவோரின் பெயர்கள் அதன் முன் வருகின்றன. அப்பெயர்களை வெளியிட்டு, அவர்களுடைய தகுதி பற்றிப் பொதுமக்கள் எழுதியனுப்பலாம் என்று நாடாளுமன்றம் அறிவிக்கிறது. கால அவகாசம் குறுகியது. ஆளுங்கட்சிப் பெரும்பான்மை விரும்பிய பெயரை அக்குழு மறிக்கும் என்று எதிர்பார்ப்பது கடினம். ஆயினும் அங்கு ஒரு முகவரி இருக்கிறது. கிளிநொச்சியிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ ஆதாரங்களோடு செல்லும் கடிதம் கோப்பில் சேரும். குழுவில் உள்ள தமிழ் உறுப்பினர் அதனை எடுத்துக் கேள்வி கேட்க முடியும். நியமனம் பெற்றவர் பதில் சொல்லும் நிலைக்கு உள்ளாவார். 2024-இல் ஆட்சிக்கு வந்த ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவின் அரசு, முந்தைய அரசியல் நியமனத் தூதர்கள் பலரைத் திருப்பி அழைத்தது. அந்த இடங்களுக்கு முன்மொழியப்படும் ஒவ்வொரு பெயரும் இந்தக் குழுவைக் கடந்தே வெளிநாடுகளின் வாசலுக்கு வருகிறது.